கரும்பலகையில் என் பெயர், ஹேண்டிலில் அக்கா கை

1

போன மாதம் எங்கள் கம்பெனியில் குடும்ப தினம் நடந்தது. ஜெர்மனியில் வேலை செய்கிறவனுக்கு மனைவி மக்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும் நாள் அது. புல்வெளியில் தொத்திறைச்சி சுடுவார்கள். நான் உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, எதிரில் வருகிறவர்களிடம் "ஆமாம், நல்ல வெயில்" என்று சொல்லிக்கொண்டே நாலு மணி நேரம் ஓட்டுவேன். பதினெட்டு வருடமாக இதே சாலட், இதே வெயில்.

இந்த முறை யாரோ ஒரு பழைய வீடியோ கேம் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து வைத்திருந்தார்கள். ஆள் உயரப் பெட்டி, சாய்ந்த கண்ணாடி, சிவப்பு உருண்டை வைத்த ஹேண்டில், வரிசையாகப் பட்டன்கள். பார்த்ததும் என் மகன் நிலனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்குப் பதினைந்து வயது. வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முகம் தெரியாத சிநேகிதர்களோடு விளையாடுகிறவன். என்னைத் தேடி வருவதென்றால் வைஃபை நின்றிருக்க வேண்டும். அவன் அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் அப்பா மைசூரில் இந்த ஆட்டத்தில் சாம்பியன் என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் ஜெர்மன் மொழியில் அறிவித்துவிட்டான்.

தப்பு என்னுடையதுதான். அவன் ஆறு வயதில் ஏதோ ஒரு கேமில் தோற்று அழுதபோது, ஆறுதலுக்காக நான் ஆரம்பித்த கதை அது. மைசூரில் ஒரு கடை, கடையில் ஒரு கரும்பலகை, பலகையில் மாதக்கணக்காக முதல் இடத்தில் என் பெயர். வருடத்துக்கு வருடம் கதைக்குக் கை கால் முளைத்து, கடைசியில் என்னைப் பார்ப்பதற்கென்றே மண்டியாவிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்ததாகக்கூட அள்ளி விட்டிருக்கிறேன்.

ஆடினேன். முதலில், இந்த மாதிரி மெஷினைத் தொட்டதே இல்லை என்று சொன்ன ஒரு பெண்ணிடம் தோற்றேன். அடுத்து, ஓய்வு பெறப்போகும் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைத் தோற்கடித்தார். மூன்றாவதாக வந்த குழந்தையின் ஒரு கையில் ஐஸ்கிரீம் இருந்தது. மீதி ஒரு கை எனக்குப் போதுமானதாக இருந்தது.

நிலன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. காரில் வரும்போது மெதுவாக, "அப்பா, நீங்கள் உண்மையா விளையாடினீங்களா?" என்று கேட்டான். அவன் தமிழ், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம் கற்ற தமிழ். கை மறந்துபோய்விட்டது என்றேன். அவன் வெளியே பார்த்தபடி, "விஜி அத்தை வரேக்க அவவிட்ட கேட்கிறன்" என்றான்.

விஜி அத்தை என்பது என் அக்கா. மைசூரில் இருக்கிறாள். வருகிற கோடையில் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அந்தக் கரும்பலகையின் உண்மை என்னைத் தவிர இன்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நிலன் அவளைக் கேட்பதற்கு முன்னால் நான் அவளிடம் பேசியாக வேண்டும். முப்பது வருடமாக நாங்கள் இருவரும் வாயே திறக்காத விஷயம். இதை எழுத உட்கார்ந்ததே, எழுதினால் தைரியம் வருகிறதா பார்க்கலாம் என்றுதான்.

2

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்பா கொள்ளேகாலிலிருந்து வந்து ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். வீட்டில் கொள்ளேகால் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். மூன்றும் எனக்கு ஒரே அளவில் அரைகுறையாக வந்தன. அக்கா பி.யு.சி. முடித்ததும் கம்ப்யூட்டர் கிளாஸில் சேரவேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் ஊரில் மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஏசி அறை, கம்ப்யூட்டருக்குப் போர்வை. கோயிலில்கூட அவ்வளவு பயபக்தி கிடையாது.

அப்பா மூன்றாம் நாள் இறங்கி வந்தார். "தனியா அனுப்பறதுக்கில்லெ. குணா கூடப் போறதா இருந்தாப் போகட்டும்" என்றார்.

குணா என்பது நான். வயது பதினான்கு, உயரம் அக்காவின் தோள் வரை. எங்கள் தெருமுனையில் ஒரு நாய் இருந்தது. அதைத் தாண்டும்போது நான் அக்காவின் அந்தப் பக்கமாக மாறிக்கொள்வேன். அப்படிப்பட்ட நான்தான் காவல். ஹெப்பாளில் பஸ் ஏறி, சிட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சயாஜிராவ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்துக்குள் போவோம். மாடியில் அவளுடைய கிளாஸ். அதே கட்டடத்தில் கீழே வீடியோ கேம்ஸ் கடை. எனக்காகவே யாரோ யோசித்துக் கட்டியது போலிருந்தது.

உள்ளே ஐந்து மெஷின்கள். டியூப் லைட் போடமாட்டார்கள், திரை தெளிவாகத் தெரியாதாம். சாமுண்டி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியும், பையன்கள் தலையில் தடவிய எண்ணெயும், வியர்வையும் சேர்ந்து ஒரு வாசனை. கடைக்காரர் மாதேவண்ணா வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயது, நெற்றியில் விபூதிப் பட்டை. அவர் ஒரு நாளும் ஆடி நான் பார்த்ததில்லை. பொம்மைகள் அடித்துக்கொள்வதற்கு மனிதர்கள் ஏன் வியர்க்கிறார்கள் என்று கடைசி வரை அவருக்குப் புரியவில்லை.

அந்தக் கடையில் இருந்த ஒழுங்கை நான் பிற்பாடு ஜெர்மனியில்தான் பார்த்தேன். அடுத்த ஆட்டம் உனக்கு வேண்டுமென்றால் உன் காசைத் திரைக்குக் கீழே கண்ணாடி விளிம்பில் வைக்க வேண்டும். எத்தனை பேர் நின்றாலும் காசு இருக்கும் வரிசைதான் வரிசை. யாரும் எடுக்கமாட்டார்கள், தள்ளிவைக்கமாட்டார்கள். ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் விலகுவான். டாக்டர் மகனும் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு வந்தவனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் சட்டைப் பையில் இருக்கும் பேட்ஜ் தெரியாமல் நோட்டை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். திரையில் சண்டை போடுகிறவர்களுக்கு என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. பைல்வான், மொட்டை, குதிரைவால், தாடி என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

கரண்ட் போனால் எல்லாரும் ஒரே குரலில் "அய்யோ" என்போம். கரண்ட் வந்ததும் மெஷின் அதுவரை ஜெயித்தவர்களின் பெயர்களையெல்லாம் மறந்திருக்கும். பையன்கள் வந்து மாதேவண்ணாவிடம் மல்லுக்கு நிற்பார்கள். அதற்காகத்தான் அவர் ஒரு கரும்பலகை மாட்டினார். திங்கட்கிழமைதோறும் முதல் மூன்று பெயர்களைச் சாக்பீஸால் கன்னடத்தில் எழுதுவார். கரண்டால் அழிக்க முடியாத ஒரே புகழ் அது.

அந்தப் பலகையில் என் பெயர் வருவதற்கான எந்த அறிகுறியும் முதல் மூன்று மாதத்தில் தெரியவில்லை. என்னோடு ஆடக் கிடைப்பது ஓய்வு மாதிரி என்று பையன்கள் நினைத்தார்கள்.

3

கிளாஸ் முடிந்ததும் அக்கா இறங்கி வருவாள். காவல்காரனை அவள்தான் கடைக்குள்ளிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதலில் வெளியே நின்று "குணா, பஸ் போயிரும்" என்பாள். பிறகு வாசற்படியில் நின்றாள். பெண்பிள்ளை நிற்கிறது என்று உள்ளே சத்தம் அடங்கும். மாதேவண்ணா தன் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நிற்பார். ஒரு மாதம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பின்னாலிருந்து எங்களைப் பார்த்தபடி இருந்தாள். சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் நான் தோற்றுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னாள். "ரெண்டு தடவ அடிச்சிட்டு மூணாவது குனியறான் பாரு. ஒவ்வொரு வாட்டியும் அதேதான். நீ அப்பப் போயி எகிறிக் குதிக்கிறெ." எனக்குக் கோபம் வந்தது. நீயே ஆடு என்று விலகினேன்.

அவள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தாள். யாரும் தொடாத தாடியைத் தேர்ந்தெடுத்தாள். அன்று பஸ்ஸைத் தவறவிட்டோம்.

அடுத்து நடந்ததுதான் எங்கள் ஊருக்கே உரிய ஏற்பாடு. மெஷினோடு அவள் ஆடிய வரைக்கும் பரவாயில்லை. எதிரில் ஆள் ஆட வந்தபோது சிக்கல் ஆனது. பெண்பிள்ளையிடம் தோற்றுவிட்டு எந்த முகத்தோடு வெளியே போவது? ஒருவரும் வாயைத் திறந்து எதுவும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. காசை வைப்பது நான். அக்கா ஆடும்போது அவள் பக்கத்தில் நின்று என் இடது கையை மெஷினின் பட்டன் பலகை ஓரத்தில், எந்தப் பட்டனும் இல்லாத இடத்தில், வைத்துக்கொள்ள வேண்டும். என் கை அங்கே இருந்தால் ஆடுவது நான். தோற்றவன் என் தோளைத் தட்டி, "சூப்பர் குரு" என்று சொல்லிவிட்டுப் போவான். அக்காவைப் பார்க்கவே மாட்டான். அவளும் யாரையும் பார்க்கமாட்டாள். கடை முழுக்கத் தெரியும், கடை முழுக்கத் தெரியாது.

மெஷினைப் படித்தது போலவே அவள் ஆட்களையும் படித்தாள். மீசைக்காரன் உதட்டைக் கடித்தால் குதிக்கப் போகிறான், ஒர்க்‌ஷாப் அண்ணன் மூச்சை இழுத்தால் உதைக்கப் போகிறான் என்று பஸ்ஸில் வரும்போது சொல்லுவாள். மாடியில் அன்று கற்ற புரோகிராமையும் இதையும் கலந்து பேசுவாள். எனக்கு இரண்டும் விளங்காது. நான் தலையாட்டுவேன். அவ்வளவு பேசுகிற அக்காவை வீட்டில் நாங்கள் பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாதேவண்ணா பலகையில் முதல் வரியில் "குணா" என்று எழுதினார். எழுதுவதற்கு முன் அக்காவை ஒருமுறை பார்த்தார். அவள் நோட்டுக்கு அட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வெட்கம் என்பது அப்போது எனக்குக் கன்னடத்திலும் தெரியாது, தமிழிலும் தெரியாது.

4

அக்காவின் விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்துக்காக இந்த மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மூன்று முறை போய் வந்தேன். அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, நான்தான் ஒழுங்காக நடக்கவில்லை. முதல் முறை, கேட்ட பத்திரத்தில் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். இரண்டாம் முறை, மறந்ததை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் முறை எல்லாம் இருந்த மகிழ்ச்சியில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவை ஒருமையில் அழைத்துவிட்டேன். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. அதை முதன்முதலில் கேட்டபோது, இது நமக்குப் பிறவியிலேயே வரும் என்று வகுப்பில் பெருமையடித்தவன் நான். அந்த அம்மா முத்திரையைக் கொஞ்சம் பலமாகக் குத்தினார்.

என் தமிழும் இங்கே செல்லுபடியாவதில்லை. நிலனைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, ஆசிரியை கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்பதைக் கன்னடத்தில் "ஹௌது, ஹௌது" என்று சொல்லித் தலையாட்டியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தகப்பனாருக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது என்றார். நிலன் இப்போது என்னிடம் "ஓம் அப்பா" என்கிறான், நான் அவனிடம் சரி என்பதற்குக் கன்னடத்தில் "ஆய்த்து" என்கிறேன். என் மனைவி கோவைக்காரி. நானும் நிலனும் பேசுவது எந்த மொழி என்று ஒருநாள் அவள் விருந்தாளிகள் முன்னால் கேட்டாள்.

ஆனாலும் நிலன் அத்தையோடு பேசும்போது மட்டும் தடை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவனும் அவளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவன் ஆடும் கேமைத் திரையில் காட்டுவான். அவள் பார்த்துவிட்டு, அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒருத்தன் இருப்பான், மெதுவாப் போ கண்ணு என்பாள். அவள் சொன்ன இடத்தில் ஒருத்தன் இருப்பான். அத்தைக்கு எப்படித் தெரியும் என்று அவன் வியப்பான். நான் அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ஏதாவது வேலையைத் தேடிக்கொள்வேன்.

5

தசரா நெருங்கிய ஒரு மாலை. ரயில் நிலையத்துப் பக்கம் இன்னொரு வீடியோ கேம்ஸ் கடை இருந்தது. அங்கே ஆடும் காலேஜ் பையன்கள் ஐந்தாறு பேர், உங்கள் குணாவோடு எங்கள் ஆள் ஆட வேண்டும் என்று வந்து நின்றார்கள். மாதேவண்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாருக்கும் டீ சொன்னார். அக்கா கிளாஸ் முடிந்து வந்ததும் வழக்கம்போல நான் காசை வைத்தேன், அவள் ஹேண்டிலைப் பிடித்தாள், நான் பலகை ஓரத்தில் கையை வைத்தேன்.

வந்தவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அவர்களுடைய ஆள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், இதென்ன கூத்து, யார்தான் ஆடுவது என்று உரக்கக் கேட்டான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் கடைப் பையன்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

மாதேவண்ணா எழுந்து வந்தார். அவர் கையில் டீ டம்ளர் இருந்தது. என் முன்னால் நின்று, "குணா, நிஜ ஹேளப்பா" என்றார். உண்மையைச் சொல் என்று. பிறகு எனக்குப் புரியும்படி தமிழும் கன்னடமுமாகச் சொன்னார். "அக்கா ஆடறாங்கன்னா அக்கா ஆடறாங்கன்னு சொல்லு. இப்பவே உன் பேர அழிச்சிட்டு அவங்க பேர எழுதறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடம் ஆகிறது. அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததாக நான் வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கெஞ்சல் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினாள், அவ்வளவுதான்.

"நான்தான் ஆடறேன்" என்றேன்.

அவள் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். நான் தனியாக ஆடி, வந்தவன் பைல்வானை எடுத்துக்கொண்டு என்னைத் தூக்கித் தூக்கிப் போட, இரண்டு சுற்றும் முடிய டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் விசிலடித்தார்கள். மாதேவண்ணா பலகையைத் துடைத்தார். வேறு எந்தப் பெயரும் எழுதவில்லை. பஸ்ஸில் அக்கா "டிக்கெட் எடு" என்றாள். 

அந்தச் சந்துப் பக்கமே தலைகாட்ட முடியாத அவமானம் எனக்கு. மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், எனக்குப் பத்தாம் கிளாஸ் பரீட்சை வருகிறது, இனிமேல் அக்காவோடு போக முடியாது என்றேன். நான் சொன்னதாக அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செரி, சொல்லலெ. நீ படி" என்றார். அன்று சாயங்காலம் நான் கிரிக்கெட் ஆடப் போனேன்.

6

நேற்று சனிக்கிழமை மத்தியானம் நானும் நிலனும் அக்காவின் விண்ணப்பத்தை நிரப்பினோம். என் ஜெர்மனை நம்பி இனி எதையும் அனுப்புவதில்லை என்பது வீட்டின் முடிவு. அவன் தட்டச்சு செய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னேன்.

அத்தை என்ன வேலை செய்யிறா என்று கேட்டான். வீட்டில் இருக்கிறாள் என்றேன். படிப்பு என்ன என்றான். பி.யு.சி., அப்புறம் கம்ப்யூட்டர் கிளாஸ் பாதி என்றேன். அவன் விரல் நின்றது.

"ஏன் பாதி?"

சரி, இதுதான் நேரம் என்று ஆரம்பித்தேன். ஹெட்போன் இல்லாமல் அவன் இவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. கடை, காசு வரிசை, தாடி, பலகை ஓரத்தில் வைத்த என் கை, எல்லாவற்றையும் சொன்னேன். என் கை அங்கே சும்மா இருந்தது என்று சொன்ன இடத்தில் அவன் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான். எனக்குக் கதை சொல்லும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. மாதேவண்ணா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. பரீட்சை என்று அப்பாவிடம் சாக்குச் சொன்னதுவரைக்கும் சொல்லி, எப்பேர்ப்பட்ட வீரன் பார் உன் அப்பன் என்று முடித்தேன். பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தண்ணீர்கூடக் குடித்தேன்.

நிலன் சிரித்து முடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டான். "பிறகு அத்தை ஆரோட வகுப்புக்குப் போனவா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"போகலெ" என்றேன்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். நான் வரவில்லை என்றால் அவளை அனுப்பமாட்டார்கள், அவள் கிளாஸ் நின்றுபோனது, பரீட்சை முடிந்தபோது அந்த பாட்ச் முடிந்திருந்தது, அடுத்த தையில் கொள்ளேகாலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக எனக்குத் தெரியும். ஆனால் இவற்றை வரிசையாக வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. என் கதையில் அவமானப்பட்டவன் நான். இத்தனை வருடம் என்னை நானே கிண்டல் செய்துகொண்டிருந்ததில், வேறொருவருக்கு என்ன ஆனது என்று பார்க்க நேரமே இருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனபோது, முதல் பாடங்களை அக்கா விட்டுப்போன நோட்டிலிருந்துதான் படித்தேன். குண்டு குண்டான அவள் கையெழுத்தில் கட்டங்களும் அம்புக்குறிகளும் இருக்கும். நோட்டில் பாதிக்கு மேல் வெறும் தாள். அந்த வெறும் தாள்களில் என் பாடங்களை எழுதிக்கொண்டேன். இன்றைக்கு ஜெர்மனியில் நான் சாப்பிடும் சோறு அந்த நோட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

"நீங்கள் இதை அத்தையிட்ட சொல்லணும்" என்றான் நிலன். அவன் ஹெட்போனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

7

மேலே உள்ளதை எழுதி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. எழுதி முடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவைக் கூப்பிட்டேன். வழக்கமாக நிலன் பேசும் நேரம். அவன் பக்கத்தில் இருந்தான். நான் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினேன். முகத்தைக் காட்டும் அளவுக்குத் தைரியம் வளரவில்லை.

மாதேவண்ணா கடை ஞாபகம் இருக்கிறதா என்று ஆரம்பித்தேன். அக்கா சிரித்தாள். ஞாபகம் இல்லாமல் எங்கே போகும் என்றாள். பலகையில் இருந்த பெயர் உன்னுடையது, நிலனிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "பேரு கெடக்குது விடுடா. சாக்பீஸ்ல எழுதுனது தானே" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உன் கிளாஸ் நின்றதற்கு நான்தான் காரணம் என்றேன். கூட வரமாட்டேன் என்று நான்தான் போய் அப்பாவிடம் சொன்னேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் நான்தான் கேட்டுக்கொண்டேன் என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"அப்பாதான் நிறுத்துனாருன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. "போதும் நிறுத்திக்கன்னு அவருதான் வந்து சொன்னாரு. ஏன்னு கேட்டேன். காரணம் சொல்லலெ."

 அவளே தொடர்ந்தாள். குரல் உயரவில்லை.

"கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்பக் கேட்டாரு, எம்மேல இன்னும் கோவமா கண்ணுன்னு. நான் பதிலே சொல்லலெ குணா. தலகாணியெச் சரி பண்ணி வச்சிட்டு வெளிய வந்துட்டேன். அப்பவாவது அந்த மனுசன் சொல்லியிருக்கலாம்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எந்த மொழியில் சொன்னாலும் அது போதாது என்று தெரிந்தது. அவள் "நிலன்கிட்டக் குடு" என்றாள்.

அக்கா கோடையில் வருகிறாள், விசா கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள், நிலனோடு ஒரு மணி நேரம் பேசுகிறாள். நான் போனை வாங்கினால், சாப்பிட்டியா, குளிரு எப்படி என்று கேட்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பிறகு வைத்துவிடுகிறாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் அப்பாவோடு பேசியது இப்படித்தான். கேட்டதற்குப் பதில், வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மருந்து. அவளுடைய சுபாவமே அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா எனக்காக அதை, சாகும் வரை, இருபத்து நாலு வருடம் வாங்கிக்கொண்டார். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கே தாங்கவில்லை.